கூப்பிடு தூரம்

நாரந்தனையில் பெரியம்மாவின் வளவுக்குள் வீடு இரண்டாக நிற்கிறது. ஒழுங்கைப் பக்கம் அம்மப்பா கட்டிய பழைய கல்வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடித் தடிப்பு. கிணற்றடியைத் தாண்டிப் பின்னால், கனடாவில் இருக்கும் அண்ணை அனுப்பிய காசில் எழும்பிய புது அறை. அந்த அறையில் ஒரு மேசைக் கணினியும் ஸ்கேனரும் இருக்கின்றன. மூன்று வருடமாகப் பெரியம்மா அங்கே இருந்து படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டு ஆல்பங்கள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே விடுபட்டுப் போயின. திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியே இருக்கவில்லை. ஸ்கார்பரோ, பாரிஸ், சூரிச், லண்டன் என்று சிதறிப்போன சொந்தங்களின் கையில் இருக்கும் பிரதிகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, படத்தில் நிற்பவர் யார், யாருடைய பிள்ளை, எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறார்.

அந்த ஓகஸ்ட் மாதம் அண்ணை ஊருக்கு வந்திருந்தார். படங்கள் முழுவதையும் தன் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரியம்மாவுக்கு வேறொரு தேவை இருந்தது. முழங்கால் நோவு கூடிவிட்டது. பின்னறையில் ஏற்றிய படத்தை முன்விறாந்தையில் இருந்தபடியே திறந்து பார்க்க வேண்டும். பென்டிரைவ் அண்ணையின் அவசரத்துக்கு உதவும், பெரியம்மாவின் முழங்காலுக்கு உதவாது. ஆனால் மடிக்கணினியில் தேடினால் மேசைக் கணினி இல்லை. மேசைக் கணினியில் தேடினால் மடிக்கணினி இல்லை. இத்தனைக்கும் இரண்டிலும் இன்டர்நெட் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

அண்ணை சுவரின் தடிப்பைக் குறை சொன்னார். பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டும் கூப்பிடு தூரத்தில தானே மோனை இருக்கு. பிறகேன் காணேல்லை எண்டுது?"

பெரியம்மாவின் வாயில் வந்த அந்தச் சொல்லை நான் அதன்பிறகு விடவே இல்லை. ஏனென்றால் கணினிகளுக்குக் கண் கிடையாது. ஒன்றை ஒன்று "காண்கிறது" என்று நாம் சொல்வது பேச்சுவழக்கு. உண்மையில் நடப்பது கூப்பிடுவதும் குரல் கொடுப்பதும். ஒரு கணினி கூப்பிடுகிறது. மற்றது கேட்டுப் பதில் சொல்கிறது. கூப்பிட்டது போய்ச் சேராவிட்டாலோ, கேட்டவர் வாய் திறக்காவிட்டாலோ, திரையில் "இல்லை" என்று வரும். வீட்டு வலையமைப்பில் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். கூப்பிடு தூரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கூப்பிடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வலையில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு முகவரிகள். ஒன்று ஐபி முகவரி, 192.168.8.103 என்பதுபோல நான்கு எண்கள், ரவுட்டர் கொடுப்பது, மாறக்கூடியது. மற்றது மேக் முகவரி. வலைச் சில்லு தொழிற்சாலையை விட்டு வரும்போதே எழுதப்பட்டிருக்கும் 48 பிட் எண். வயரிலும் வைஃபையிலும் பொதி கைமாறுவது மேக் முகவரியை வைத்துத்தான். ஆனால் நமக்கும் மென்பொருளுக்கும் தெரிந்தது ஐபி முகவரி. ஆகவே 103க்கு ஏதாவது அனுப்ப விரும்பும் கணினி, 48 பிட்டும் 1 ஆக இருக்கும் ஒரு தனி முகவரிக்கு ஒரு சிறு பொதியை விடும். அந்த முகவரிக்குப் போனால் வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். பொதியில் இருப்பது ஒரே கேள்வி: 192.168.8.103 யார்? எல்லோரும் கேட்பார்கள், 103 மட்டும் பதில் சொல்லும், அதுவும் கேட்டவருக்கு மட்டும். ஆர்ப் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதி வெளியிட்டார். இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் அது ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடும் இந்தப் பழக்கம் ஒரு தீவுக்கூட்டத்தில் வளர்ந்தது என்பதைத் தீவகத்தில் இருந்து எழுதும் எனக்குச் சொல்லாமல் போக முடியாது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வேறு வேறு தீவுகளில் இருந்தன. அவற்றைப் பெரிய கணினியோடு இணைக்கத் தொலைபேசிக் கம்பியை நம்பினால் செலவு அதிகம், தரம் குறைவு. நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் வானொலியைத் தேர்ந்தார்கள். 1971 யூனில் அலோகாநெட் ஓடத் தொடங்கியது. எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில், யாரிடமும் முறை கேட்காமல், நினைத்த நேரத்தில் பொதியை அனுப்பும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பிப் போகும். கிடைத்தது என்ற பதில் வராதபோது, ஒவ்வொருவரும் எழுந்தமானமாக ஒரு சிறு நேரம் பொறுத்துவிட்டு மறுபடி அனுப்புவார்கள். இப்படி விட்டால் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது என்று கணக்குச் சொல்கிறது. இருந்தாலும் தீவுகள் பேசிக்கொண்டன. ஏப்ரம்சனின் கட்டுரையைப் படித்த பொப் மெட்காஃப், கூப்பிடுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டால் மோதல் குறையும் என்ற வழியில் யோசனையைக் கொண்டுபோனார். 1973 மே 22ஆம் திகதி சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அவர் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. பெரியம்மாவின் பின்னறைக்குப் போகும் வயரிலும் விறாந்தையில் இருக்கும் வைஃபையிலும் ஓடுவது அந்தப் பரம்பரைதான்.

ஆனால் ஒரு குரல் உலகம் முழுவதும் கேட்கக் கூடாது. நாரந்தனையில் ஒரு கணினி "103 யார்?" என்று கேட்பது சரவணையிலும் கரம்பொன்னிலும் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் போனால், கூச்சலைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. அதைத் தடுக்கும் வேலி ரவுட்டர்.

ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத் தீவகத்தில் நாங்கள் பாதை என்போம். இன்ன இடத்துக்கு என்று புறப்பட்டவர் பாதையில் ஏறலாம். இறங்குதுறையில் நின்று யாரோ கூப்பிட்ட சத்தத்தைப் பாதை ஏற்றிப் போகாது. ரவுட்டரும் அப்படித்தான். முகவரி எழுதிய பொதியைக் கடத்திவிடும். பொதுவாகக் கூப்பிட்ட குரலைக் கரையிலேயே விட்டுவிடும்.

வீட்டு ரவுட்டர் இன்னொரு வேலையும் செய்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் அதே எண் இருக்கலாம். ஆகவே உள்ளே இருந்து வெளியே போகும் ஒவ்வொரு பொதியிலும் ரவுட்டர் தன் சொந்த முகவரியை எழுதி அனுப்பும். யார் எதை அனுப்பினார் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் கொடுக்கும். உள்ளே இருந்து யாரும் எழுதாமல் வெளியில் இருந்து தானாக ஒரு பொதி வந்தால், யாருக்கு என்று தெரியாமல் கைவிட்டுவிடும். வெளியுலகில் இருந்து நம்மைக் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் இரண்டாவது வேலி வளவுக்குள்ளேயே முளைத்தால் என்ன ஆகும்?

பின்னறைக்குப் போய், மேசைக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் என்று கொடுத்தேன். முகவரி 192.168.1.12. முன்விறாந்தையில் மடிக்கணினி காட்டியது 192.168.8.103. இரண்டுக்கும் உபவலை மறைப்பு 255.255.255.0. அந்த மறைப்பின் பொருள்: முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவர் ஒரே கூப்பிடு தூரத்தில் இருப்பவர். ஒன்றில் மூன்றாவது எண் 1, மற்றதில் 8. ஒரே வளவுக்குள் இரண்டு ஊர்.

அடுத்து பிங். எதிரில் இருப்பவருக்கு ஒரு சிறு பொதியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கும் கட்டளை அது. மேசைக் கணினியில் இருந்து மடிக்கணினியைப் பிங் செய்தேன். நான்கு தரமும் பதில் வந்தது. மடிக்கணினியில் இருந்து மேசைக் கணினியைப் பிங் செய்தேன். நான்கு தரமும் நேரம் கடந்தது என்ற வரிதான். அண்ணை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்னடா, ஒரு பக்கத்தால மட்டும் தெரியுது?" என்றார்.

அந்த ஒருபக்கத் தெரிவு எனக்குப் போதுமாக இருந்தது. தடித்த சுவர் காரணமென்றால் இரண்டு பக்கமும் தடுமாறியிருக்கும், இன்டர்நெட்டும் தடுமாறியிருக்கும். கணினியின் காவல் மென்பொருள் மட்டும் காரணமென்றால் முகவரிகள் இரண்டு ஊராகப் பிரிந்திருக்காது. நடுவில் ஒரு ரவுட்டர் நின்று, பின்னறையை உள்வீடாகவும் முன்வீட்டை வெளியுலகமாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்து புறப்பட்ட பிங் அதைக் கடந்து போய்ப் பதிலோடு திரும்புகிறது. முன்வீட்டில் இருந்து புறப்பட்ட பிங் அந்த ரவுட்டரின் வாசலுக்குக்கூடப் போவதில்லை. 192.168.1.12 என்ற முகவரி முன்வீட்டு ரவுட்டருக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் அது இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது தொலைந்து போகும். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் வந்ததற்கும் இதுதான் காரணம். வெளியே போகும் பொதி இரண்டு வேலிகளையும் கடந்து போகிறது. பக்கத்துக்குப் போக வேண்டிய பொதிதான் வழி தெரியாமல் தொலைகிறது.

பின்னறை மேசைக்கு அடியில் அந்தப் பெட்டி கிடந்தது. பழைய ரவுட்டர்; புது அறையில் வைஃபை வரவில்லை என்று யாரோ கொண்டுவந்து மாட்டியது. தூசியைத் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து வாய்கள். நான்கு மஞ்சள் வாய்கள் வரிசையாக ஒட்டி நிற்க, ஐந்தாவது சற்று விலகி நீலமாக இருந்தது. முன்வீட்டில் இருந்து நிலத்துக்கு அடியால் குழாய்க்குள் வந்த வயர் அந்த நீல வாய்க்குள் செருகப்பட்டிருந்தது. மாட்டியவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். தனியாக ஒரு வாயைக் கண்டால் வெளியில் இருந்து வரும் வயரை அதில் செருகத்தான் யாருக்கும் தோன்றும். அந்த நீல வாய் இன்டர்நெட்டுக்கானது. அதற்கும் மஞ்சள் வாய்களுக்கும் நடுவில்தான் வேலி இருக்கிறது. மஞ்சள் வாய்களுக்கிடையே வேலி இல்லை.

வயரை மஞ்சளுக்கு மாற்றினால் சரி. ஆனால் உடனே மாற்றக் கூடாது. ரவுட்டர்தான் வீட்டில் முகவரி பங்கிடுபவர். அந்தச் சேவைக்கு டிஎச்சிபி என்று பெயர். வேலியை எடுத்துவிட்டால் ஒரே வளவில் முகவரி பங்கிட இரண்டு பேர் வந்துவிடுவார்கள். போன் ஒன்று வைஃபைக்கு வந்து முகவரி கேட்கும். எவர் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். பின்னறை ரவுட்டரிடம் வாங்கியவர், இன்டர்நெட்டுக்கு வாசல் அதுதான் என்று நம்பிப் போய்ப் பூட்டிய கதவில் முட்டுவார். காலையில் வேலை செய்த போன் மாலையில் வேலை செய்யாது, ஏன் என்றும் விளங்காது. வீட்டு வலையில் மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இது என்பேன். ஆகவே முதலில் பின்னறை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபியை நிறுத்தினேன். அதற்கு 192.168.8.2 என்று முன்வீட்டு ஊரிலேயே ஒரு முகவரி கொடுத்தேன். அதன்பிறகு வயரை நீலத்தில் இருந்து கழற்றி மஞ்சளில் செருகினேன். மேசைக் கணினியை மறுபடி இயக்கினால் 192.168.8.107. மடிக்கணினியில் இருந்து பிங் போனது, பதில் வந்தது.

ஆனாலும் மடிக்கணினியின் நெட்வொர்க் பட்டியலில் மேசைக் கணினியின் பெயர் இல்லை. அண்ணையின் முகம் வாடிவிட்டது. முகவரி சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிறது. பெயர்ப் பட்டியலில் காணோம். இவை வேறு வேறு ஏற்பாடுகள்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. ஐபிஎம்மின் சிறு வலைகளுக்காக 1983இல் சைடெக் என்ற நிறுவனம் நெட்பயோஸ் என்பதை உருவாக்கியது. அதில் ஒரு பெயருக்கு 16 இடங்கள். கடைசி இடம் இது எந்த வகைச் சேவை என்று சொல்ல ஒதுக்கப்பட்டதால், பெயருக்கு மிஞ்சியது 15. இன்றும் விண்டோஸ் தானாக வைக்கும் கணினிப் பெயரை எண்ணிப் பாருங்கள்: டெஸ்க்டாப் என்ற ஆங்கிலச் சொல்லும் சிறு கோடும் சேர்த்து எட்டு எழுத்துகள், பின்னால் ஏழு. சரியாக 15. நாற்பது வருடத்துக்கு முந்திய அளவு இன்னும் நம் திரையில் நிற்கிறது.

பெயர்ப் பட்டியலை யார் வைத்திருப்பது? பழைய விண்டோஸ் கணினிகள் அதற்குத் தங்களுக்குள் தேர்தல் நடத்தின. புதிய பதிப்பு ஓடும் கணினிக்கும், நீண்ட நேரம் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கும் முன்னுரிமை. வென்றவர் பட்டியலைக் காப்பவர். மற்றவர்கள் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் குரல் வராவிட்டால்தான் பெயர் நீக்கப்படும். அதனால் நிறுத்திவிட்ட கணினி 36 நிமிடம் வரை பட்டியலில் இருப்பதும், கண்முன்னே ஓடும் கணினி பட்டியலில் இல்லாததும் அந்த நாட்களில் வழமை. பட்டியலில் இல்லை என்பதற்காகக் கணினி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அந்தப் பட்டியல் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைச் சார்ந்திருந்தது. 2017 மே 12ஆம் திகதி வானாகிரை என்ற பணயத் தீநிரல், அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாக 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே வருடம் மார்ச் 14ஆம் திகதியே வெளியாகியிருந்தும், பலர் அதை நிறுவியிருக்கவில்லை. அந்த வருட ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு தொடங்கி எஸ்எம்பி 1 படிப்படியாக விலக்கப்பட்டது. பழைய தேர்தல் பட்டியலும் அதோடு போய்விட்டது. இப்போது ஒவ்வொரு கணினியும் ஒரு பொதுக் குழு முகவரிக்குத் தன்னை அறிவிக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் அந்தக் குழுவில் சேர்ந்து கேட்கிறார்கள். பழைய முறையை மறுபடி இயக்கினால் எல்லாம் தெரியும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டியலில் ஒரு பெயரைக் காண்பதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. முகவரிப் பட்டையில் \\192.168.8.107 என்று எழுதினால், பட்டியல் இல்லாமலே நேரே போகலாம்.

பெரியம்மாவின் மேசைக் கணினி ஏன் தன்னை அறிவிக்கவில்லை என்பது இலகுவான விடயம். வாசல் ரவுட்டர் மாறியதும், விண்டோஸ் அதைத் தான் முன்பின் அறியாத வலை என்று எடுத்துக்கொண்டது. அறியாத வலையில் அது பொது இடம் என்ற நிலைக்குப் போய்விடும். பேருந்து நிலையத்தில் நிற்பவர் போல, தன் பெயரைத் தானாகச் சொல்லாது. அமைப்பில் அதைத் தனிப்பட்ட வலை என்று மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் பட்டியலில் பெயர் வந்தது.

அண்ணை அவசரமாக அழுத்தினார். கணினி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பெரியம்மா கணினிக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை. "என்ர வீட்டுக்க ஆர் வந்து பாக்கப் போயினம்?" கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் அந்தக் கணினிக்கு முன்னால் இருந்து திறக்க விடும், வலை வழியாக வந்தால் விடாது. நான்கு இலக்கப் பின் எண்ணும் அப்படித்தான், அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லும். ஆகவே படங்களைப் பார்ப்பதற்கென்று கடவுச்சொல்லோடு தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, பார்க்கவும் பிரதி எடுக்கவும் மட்டும் உரிமை கொடுத்தேன். மூன்று வருட உழைப்பு ஒரு தவறான அழுத்தலில் அழிந்துவிடக் கூடாது.

அந்த வீட்டில் இல்லாத, ஆனால் உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் வைஃபை என்று தனியாக இருந்தால், அதில் சேர்ந்தவர்களை ரவுட்டர் வேண்டுமென்றே ஒருவருக்கொருவர் தெரியாமல் வைக்கும். வெளிநாட்டு வேலைத்தல மடிக்கணினிகளில் விபிஎன் ஓடினால், பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பொதியும் அலுவலகத்தை நோக்கிப் போய்விடலாம். நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

மின்சாரமும் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பும்போது கணினி முந்தி எழும்பி, ரவுட்டர் பிந்தி எழும்பினால், முகவரி பங்கிட ஆள் இல்லாமல் கணினி தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், கூப்பிட்டும் ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்று பொருள். பங்கிட ரவுட்டர் இருந்தாலும், நீண்ட வெட்டுக்குப் பிறகு நேற்றைய 107 இன்று வேறொருவருக்குப் போகலாம். அதனால் முன்வீட்டு ரவுட்டரில் மேசைக் கணினியின் மேக் முகவரியைப் பதிந்து, 107ஐ அதற்கென்றே ஒதுக்கி வைத்தேன்.

படங்கள் பிரதியாகத் தொடங்கின. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பெரியம்மா முதல் படத்தைத் திறந்தார். பாரிசில் இருந்து வந்த, ஓரம் கிழிந்த கறுப்பு வெள்ளைப் படம், இதே விறாந்தையில் எடுத்தது. அதை மூடாமலே, கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்துத் தரச்சொல்லி, நீல வாய்க்குள் வயர் செருகக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதினார். பின்னறைக்குப் போய் ரவுட்டரின் முதுகில் ஒட்டிவிட்டு வரும்படி அண்ணையிடம் கொடுத்தார்.